வழக்கு முடியும்வரை வீரரை வெளியே உட்காரவைக்கலாமா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் பல்கலைக்கழக அணிக்கு ஆடும் ஒருவர் மீது குற்ற வழக்கு வந்தால், தீர்ப்புக்குக் காத்திராமல் அணியிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள். குற்றம் நிரூபிக்கப்படும்வரை அவர் நிரபராதி என்பதுதானே சட்டம்? பிறகு எப்படி நிறுத்தலாம்? இதே விஷயம் கொழும்பில் ஒரு பாடசாலை அணியிலோ பல்கலைக்கழக அணியிலோ நடந்தால் என்ன செய்வது சரி?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் தானாக விழுகிற தடை தவறு. தீர்ப்பு வரும்வரை யாரும் எதுவும் செய்யக்கூடாது என்பதும் தவறு. பாரதூரமான குற்றச்சாட்டு என்றால் நிறுத்தலாம், சில வேளைகளில் அன்றைக்கே நிறுத்த வேண்டும். ஆனால் நீதவான் ஒருவர் பிணை மனுவைப் பார்ப்பது போலப் பார்த்து, காரணம் எழுதி, மறுபரிசீலனைக்குத் திகதி போட்டு நிறுத்த வேண்டும். கொழும்பின் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் குற்ற வழக்குகளோடு காலம் தள்ளுகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் பிணை மாதிரித்தான் தெரியும் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

நம் அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரை, குற்றவாளி என்று நிரூபிக்கப்படும்வரை எந்த ஆளையும் சுற்றவாளியாகவே, அதாவது நிரபராதியாகவே, கொள்ள வேண்டும் என்கிறது. இதைத் தூக்கிப்பிடித்து, தீர்ப்பு வராமல் யாரும் கைவைக்கக்கூடாது என்று வாதிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அதே சுற்றவாளியைத்தான் நீதவான் விளக்கமறியலில் வைக்கிறார். பிணையில் விட்டாலும் கடவுச்சீட்டை வாங்கி வைக்கிறார், ஞாயிற்றுக்கிழமை தோறும் பொலிஸ் நிலையத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார், முறைப்பாட்டுக்காரர் இருக்கிற திசைக்கே போகாதே என்கிறார். இவற்றில் எதுவும் தண்டனை இல்லை. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி பிணை கொடுப்பதுதான் வழமை, மறுப்பது விதிவிலக்கு. மறுப்பதென்றால், ஆள் தலைமறைவாகிவிடுவாரா, சாட்சிகளைக் குழப்புவாரா, வெளியே விட்டால் இன்னொரு குற்றம் செய்வாரா, குற்றச்சாட்டின் பாரதூரத்தால் ஊர் கொந்தளிக்குமா என்று பார்க்க வேண்டும். ஆள் குற்றம் செய்தாரா இல்லையா என்று அந்தக் கட்டத்தில் நீதவான் தீர்மானிப்பதில்லை.

பாடசாலையும் பல்கலைக்கழகமும் கேட்க வேண்டியவை இந்த வகைக் கேள்விகள்தான். முறைப்பாடு செய்தவர் அதே வளாகத்தில் படிக்கிறாரா? சாட்சிகள் அதே அணியில் இருக்கிறார்களா? இவர் தலைவராக இருந்துகொண்டே அவர்களை மிரட்ட முடியுமா? வெளியூர்ப் போட்டிக்குப் போனால் ஒரே பஸ்ஸில், ஒரே விடுதியில் யாரோடு இருப்பார்? இதற்குப் பதில் சொல்ல அவர் குற்றவாளியா என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பெரும்பாலான நிர்வாகங்கள் இதை விட்டுவிட்டு, "பொடியன் செய்திருப்பானா?" என்பதில்தான் மாட்டிக்கொள்கின்றன. அதிபரின் அறையில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து எழுதுகிற கடிதங்கள்தான் பிறகு நீதிமன்றத்துக்கு வருகின்றன.

வழக்கு என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் எத்தனை படி இருக்கிறது என்று பாருங்கள். ஒருவர் பொலிஸில் முறைப்பாடு செய்கிறார். பொலிஸார் கைது செய்து 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவருகிறார்கள். அன்றைக்கு நீதிமன்றத்தில் இருப்பது பீ அறிக்கை மட்டும்தான், அதாவது பொலிஸார் தாங்கள் கேள்விப்பட்டதையும் இனி விசாரிக்கப் போவதையும் எழுதிக் கொடுக்கிற தாள். எதிர்த்தரப்பு வாய் திறக்கும் முன் எழுதப்பட்டது அது. அன்று மாலையே செய்தியில் "சந்தேகநபர்" என்று பெயரோடு வந்துவிடும். குற்றம் பாரதூரமானது என்றால் கோவை சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போகும். அங்கிருந்து மேல் நீதிமன்றத்துக்குக் குற்றப்பத்திரிகை வர வருடக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம். குற்றப்பத்திரிகை என்றால், பயிற்சி பெற்ற சட்டத்தரணி ஒருவர் சாட்சியங்களை வாசித்து, இதில் வழக்கு நடத்தலாம் என்று முடிவெடுத்திருக்கிறார். பீ அறிக்கைக்கு அந்தக் கனம் கிடையாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "வழக்கு இருக்கிறது, நிறுத்துங்கள்" என்று எழுதுகிற விதி, விதியே இல்லை.

சந்தேகத்தின் பேரில் கைது என்றால் என்ன என்று தமிழருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1979இல் தற்காலிகம் என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் குற்றச்சாட்டே இல்லாமல் வருடக்கணக்கில் உள்ளே இருந்தவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. 2019 மே மாதம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் தலைவரும் செயலாளரும் அதே சட்டத்தின் கீழ் கைதானார்கள். இராணுவத் தேடுதலில் அகப்பட்ட பிரபாகரன் படம்தான் விவகாரம். கைதானால் தானாக இடைநிறுத்தம் என்ற விதியைக் கொழும்பில் உட்கார்ந்து எழுதும்போது, அது நாளைக்கு யார் மேல் பாயும் என்பதையும் யோசித்துவிட்டு எழுதுங்கள்.

இனி அமெரிக்கா. அங்கே கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பிடம், குற்ற வழக்கு வந்தால் நிறுத்து என்ற பொதுவிதி எதுவும் இல்லை. அந்தந்தப் பல்கலைக்கழகம் தன் கையேட்டின்படி செய்கிறது. அதனால் ஒரே மாதிரியான குற்றச்சாட்டுக்கு ஓரிடத்தில் அன்றைக்கே தடை, இன்னோரிடத்தில் அடுத்த சனிக்கிழமை மைதானத்தில் கைதட்டல்.

தடைக்கு எதிராகப் பேசுகிறவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டுவது டியூக் பல்கலைக்கழகத்தை. 2006 மார்ச்சில் அங்கே லக்ரோஸ் (வலைக்கோலால் பந்தாடும் விளையாட்டு) அணியினர் நடத்திய விருந்துக்கு நடனமாட வந்த ஒரு பெண், தன்னை வன்புணர்ந்தார்கள் என்று முறைப்பாடு செய்தார். மூவர் மீது குற்றப்பத்திரிகை வந்தது. அதற்கு முன்னமே பல்கலைக்கழகம் அந்தப் பருவத்தின் மீதிப் போட்டிகளை ரத்துச்செய்துவிட்டது. பயிற்றுநர் பதவி விலகினார். 2007 ஏப்ரலில் மாநிலச் சட்டமா அதிபர் ரோய் கூப்பர் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். சாட்சியம் போதாது என்று சொல்லி விடாமல், இவர்கள் நிரபராதிகள் என்றே அறிவித்தார். வழக்கை நடத்திய மாவட்ட அரச சட்டத்தரணி மைக் நைஃபோங், தொழில் செய்யும் உரிமையையே இழந்தார். முறைப்பாடு செய்தவர் 2024 டிசம்பரில், தான் சொன்னது பொய் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 18 வருடம் கழித்து. என்.சி.ஏ.ஏ. அந்த அணி வீரர்களுக்கு ஒரு வருடம் கூடுதலாக ஆட அனுமதி கொடுத்தது என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. இழந்ததைத் திருப்பிக் கொடுக்க முயன்ற அமைப்புகளை அதிகம் காண முடியாது.

டியூக் கதையோடு நிறுத்திக்கொண்டால் பாதிதான் சொன்னதாகும். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2012 டிசம்பரில் ஒரு மாணவி, அமெரிக்கக் கால்பந்து அணியைச் சேர்ந்த ஒருவர் மீது பொலிஸில் முறையிட்டார். விசாரணை ஊர்ந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் விஷயமே வெளியே வந்தது. அரச சட்டத்தரணி வழக்குத் தொடரவில்லை. அந்த வீரர் பருவம் முழுவதும் ஆடினார், அணி தேசிய வெற்றிக் கிண்ணத்தை வென்றது. அந்த மாணவிதான் பல்கலைக்கழகத்தை விட்டுப் போனார். 2016 ஜனவரியில் பல்கலைக்கழகம் அவருக்கு 950,000 டொலர் கொடுத்து அவர் தொடுத்த வழக்கை முடித்துக்கொண்டது. இங்கே வழக்குப் பதிவே இல்லாததால், "வழக்கு வந்தால் நிறுத்து" என்ற விதி இருந்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. பொலிஸ் எதையும் கிடப்பில் போட முடிகிற ஊரில், அந்த விதி செல்வாக்கு இல்லாதவரை மட்டும்தான் பிடிக்கும். நம் ஊரையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்கு இந்த விவாதத்தில் மிகவும் பயன்பட்டது இன்னொரு வழக்கு. இலினோய் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் முன்னணி வீரர் டெரன்ஸ் ஷானன் மீது 2023 டிசம்பர் கடைசியில் கன்சாஸ் மாநிலத்தில் வன்புணர்வுக் குற்றச்சாட்டுப் பதிவானது. பல்கலைக்கழகம் உடனே அணியிலிருந்து நிறுத்தியது. அவர் சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போனார். 2024 ஜனவரி 19ஆம் திகதி நீதிபதி கொலீன் லாலெஸ் அவருக்குச் சார்பாக இடைக்காலத் தடையுத்தரவு கொடுத்தார். அதற்குள் ஆறு போட்டிகள் போய்விட்டன. நீதிபதி, இவர் செய்தாரா இல்லையா என்ற பக்கமே போகவில்லை. விளையாடுவது வெறும் சலுகை என்று அமெரிக்க நீதிமன்றங்கள் நெடுநாளாகச் சொல்லிவந்தன. ஆனால் 2021இலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். தொழில்முறை அணிகளின் தேர்வு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படிப் பணமும் எதிர்காலமும் தொங்கும்போது, ஒருவரைச் சரியாகக் கேட்காமல் நிறுத்துவது ஈடுசெய்ய முடியாத இழப்பு என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அவர் திரும்பி வந்து ஆடினார். 2024 ஜூன் 13 அன்று ஜூரர்கள் அவரை விடுவித்தார்கள். இரண்டு வாரத்தில், தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் வீரர் தேர்வில் 27ஆவதாக மினசோட்டா அணி அவரை எடுத்தது. விடுதலையானார், ஆகவே ஆடவிட்டது சரி என்று சிலர் இதை வாசிக்கிறார்கள். அப்படி வாசிக்கக்கூடாது. குற்றவாளி என்று வந்திருந்தாலும் அந்த ஜனவரி உத்தரவு சரியாகவே இருந்திருக்கும், ஏனென்றால் அது நடைமுறையைப் பற்றியது. ஆனால் முறைப்பாடு செய்த பெண் இலினோயிலேயே படிப்பவராக இருந்து, ஒவ்வொரு வாரமும் அந்த அரங்கைக் கடந்து வகுப்புக்குப் போகிறவராக இருந்திருந்தால்? என் மனம் வேறு பக்கம் சாய்ந்திருக்கும். சம்பவம் இன்னொரு மாநிலத்தில் நடந்தது என்பது சின்ன விஷயம் இல்லை.

தொழில்முறை விளையாட்டில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் ரக்பி லீக் 2019இல் ஒரு விதி கொண்டுவந்தது. 11 வருடமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம் சுமத்தப்பட்டால், வீரர் தானாக விலக்கி வைக்கப்படுவார். ஆனால் முழுச் சம்பளமும் உண்டு, அணியோடு பயிற்சியும் செய்யலாம். உன் மேல் தப்புச் சொல்லவில்லை, வழக்கு முடியும்வரை ஆட வேண்டாம், அவ்வளவுதான். ஜாக் டி பெலின் என்ற வீரர் இதை எதிர்த்து நீதிமன்றம் போய்த் தோற்றார். பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. முதல் விசாரணையில் ஜூரர்களால் முடிவுக்கு வர முடியவில்லை. மறுவிசாரணையில் ஒரு குற்றச்சாட்டில் விடுதலை, மற்றவற்றில் மீண்டும் முடிவில்லை. 2021இல் வழக்கைக் கைவிட்டார்கள். 2019, 2020 பருவங்கள் முழுவதாகவும் 2021இல் ஒரு பகுதியும் அவருக்குப் போயின. சம்பளம் வந்தது, ஆட்டம் போனது.

மாறாக இங்கிலாந்தின் மன்செஸ்டர் சிட்டி கால்பந்துக் கழகம், குற்ற வழக்கு வந்த தன் வீரர் பெஞ்சமின் மெண்டியை 2021இல் நிறுத்தியதோடு சம்பளத்தையும் நிறுத்தியது. 2023இல் எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் அவர் விடுதலையானார். 2024 நவம்பரில் தொழில் தீர்ப்பாயம் அந்தச் சம்பளத்தின் பெரும்பகுதி அவருக்குச் சேர வேண்டியது என்றது. கழகம் ஒருவரைத் தற்காப்புக்காக வெளியே வைக்கலாம், அதன் செலவை அவர் தலையில் கட்டக்கூடாது. நான் இந்த இரண்டு வழக்கிலும் எடுத்துக்கொள்வது இதை மட்டும்தான்.

கிரிக்கெட் வீரர் பென் ஸ்டோக்ஸ் விஷயம் இன்னும் சுவாரசியம். 2017 செப்டம்பரில் பிரிஸ்டல் நகரில் ஒரு இரவு விடுதிக்கு வெளியே நடந்த அடிதடி. இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை அவரை ஆஷஸ் தொடருக்குக் கூட்டிப்போகவில்லை. 2018 ஜனவரியில் முறையாகக் குற்றம் சாட்டப்பட்டதும், எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, இனி ஆடலாம் என்று அனுமதித்தது. விசாரணை எப்போது முடியும் என்று தெரியாத நிலையில் காலவரையில்லாமல் வெளியே வைப்பது நியாயமுமில்லை, அளவுக்குப் பொருத்தமுமில்லை என்பதுதான் சபை சொன்ன காரணம். வழக்கு நடந்த வாரத்தில் லோர்ட்ஸ் டெஸ்டை விட்டார், ஆகஸ்டில் விடுதலையானார். டிசம்பரில் சபையின் ஒழுக்காற்றுக் குழு தனியாக விசாரித்து அபராதமும் எட்டுப் போட்டித் தடையும் விதித்தது. முன்னமே தவறவிட்ட போட்டிகளை அந்தத் தடையில் கழித்துக்கொண்டார்கள். நீதிமன்றத்தில் தப்பினாலும் விளையாட்டு ஒழுக்கத்தில் தப்ப வேண்டியதில்லை, இரண்டும் வேறு வேறு பாதை. இந்தியாவில் கிரிக்கெட் வீரர் ஸ்ரீசாந்த் கதையும் இதுதான். 2015இல் டெல்லி நீதிமன்றம் சூதாட்ட வழக்கிலிருந்து அவரை விடுவித்த பிறகும் கிரிக்கெட் சபையின் தடை நீடித்தது. 2019இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தலையிட்டபோதும் ஆயுட்காலத் தடை கூடுதல் என்றுதான் சொன்னது, ஒழுக்க மீறலே இல்லை என்று சொல்லவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். ஸ்ரீலங்கா கிரிக்கெட்டின் மூன்று சம்பவங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 2020 மே மாதம், ஹெரோயினோடு பிடிபட்டார் என்று ஷெஹான் மதுஷங்க பன்னலையில் கைதானார். 2018இல் தன் முதல் ஒருநாள் போட்டியிலேயே ஹெட்ரிக் எடுத்த பொடியன். உடனே எல்லா வகைக் கிரிக்கெட்டிலிருந்தும் இடைநிறுத்தம். அதே வருடம் ஜூலையில் பாணந்துறையில் குசல் மெண்டிஸின் கார் மோதி, சைக்கிளில் போன 64 வயது மனிதர் இறந்தார். குசல் கைதாகிப் பிணையில் வந்தார், டிசம்பரில் தென்னாபிரிக்காவில் இலங்கைக்காக டெஸ்ட் ஆடினார். 2022 நவம்பரில் சிட்னியில் தனுஷ்க குணதிலக்க பாலியல் குற்றச்சாட்டில் கைதானார். அணி அவரை விட்டுவிட்டு நாடு திரும்பியது, அடுத்த நாளே எல்லா வகைக் கிரிக்கெட்டிலும் தடை.

இந்த மூன்றுக்கும் வித்தியாசம் காட்ட முடியாது என்று நான் சொல்லமாட்டேன். வீதி விபத்தில் வேண்டுமென்றே செய்தல் என்பது இல்லை. ஆனால் ஒரு உயிர் போனது அந்த ஒன்றில்தான். தடை என்பது "இவர் ஆட்டத்தில் இருந்தால் யாருக்கு ஆபத்து" என்ற கேள்வியிலிருந்து வருகிறதா, "வெளியே எவ்வளவு சத்தம்" என்பதிலிருந்து வருகிறதா? வீட்டுக்கு வீடு தேநீர்க் குடித்தபடி இதைத்தான் விவாதித்தோம், ஞாபகம் இருக்கிறதா?

தனுஷ்கவின் முடிவு தெரிந்ததுதான். நான்கு குற்றச்சாட்டில் மூன்றை அரச தரப்பே விட்டுவிட்டது. மீதி ஒன்றில் 2023 செப்டம்பர் 28 அன்று நீதிபதி சாரா ஹகெட் அவரை விடுவித்தார். அடுத்த மாதம் தடை நீங்கியபோது இந்தியாவில் உலகக் கிண்ணம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. ஒரு வருடத்துக்குள் முடிந்த கதை. எனக்கு இதில் உறைக்கிறது அந்த "ஒரு வருடம்" தான். சிட்னியில் அது ஒரு வருடம். புதுக்கடையில் அதே வழக்கு என்றால்?

இதை ஒரு கூட்டத்தில் நேரிலேயே பார்த்தேன். கொழும்பில் ஒரு பாடசாலை, பெயர் வேண்டாம், ஆள் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களையும் மாற்றிவிட்டேன். ரக்பி அணிப் பொடியன் ஒருவன், பிரத்தியேக வகுப்பு முடிந்து வரும் வழியில் நடந்த சண்டையில் இன்னொரு பையனின் தாடையை உடைத்ததாக வழக்கு. கடுங்காயம். பிணையில் வந்துவிட்டான். பழைய மாணவன், சட்டத்தரணி என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அதிபர், பொறுப்பாசிரியர், பயிற்றுநர், பழைய மாணவர் சங்கத்திலிருந்து இரண்டு பேர். மேசையில் மாலு பாணும் பிளேன் டீயும். பயிற்றுநர்தான் முதலில் பேசினார்: "சேர், சனிக்கிழமை மெட்ச். இவன் இல்லாட்டி லைன் அவுட் இல்லை." சங்கத்துக்காரர் ஒருவர், பேப்பரில் பாடசாலையின் பெயர் வந்துவிட்டதே என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதிபர் இருவரையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "வழக்கு முடியும்வரை நிறுத்திவைப்போம், அதுதானே நடுநிலை?" என்றார்.

நடுநிலைதான், வழக்கு மூன்று மாதத்தில் முடிந்தால். அடுத்த தவணையே மூன்று மாதம் கழித்து என்று சொன்னேன். அன்றைக்கு மருத்துவ அறிக்கை வராது, அதற்கடுத்த தவணையில் பொலிஸ் உத்தியோகத்தர் இடமாற்றம் போயிருப்பார். பொடியனுக்கு அது கடைசி வருடம். "வழக்கு முடியும்வரை" என்று எழுதினால், இனி ஒருபோதும் இந்தச் சட்டை போடமாட்டாய் என்று எழுதியதாகத்தான் அர்த்தம். அறையில் யாரும் அதை அப்படி எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அடிபட்ட பையன் வேறு பாடசாலை, வீடும் வேறு பக்கம். ஆனால் சனிக்கிழமை மெட்ச் அந்தப் பாடசாலையோடுதான்! அந்த மெட்சில் ஆடவிடக்கூடாது, அதற்கு யாரும் குற்றவாளியாக வேண்டியதில்லை. கடைசியில் அப்படித்தான் ஆனது: அந்தப் போட்டிக்கும் அடுத்ததற்கும் இல்லை, பயிற்சிக்கு வரலாம், மாத முடிவில் மறுபடி கூடிப் பார்ப்பது, இதையெல்லாம் எழுத்தில் போட்ட கடிதம் தந்தையின் கையில். வழக்கு பிறகு சமாதானத்தில் முடிந்தது, பொடியன் அப்போது ஒரு வங்கியில் வேலையில் இருந்தான்.

விளக்கமறியலைக்கூட நீதவான் 14 நாளுக்கு ஒருதரம் நீடிக்க வேண்டியிருக்கிறது. சந்தேகநபர் வெலிக்கடைச் சிறையிலிருந்து வந்து நிற்க, ஏன் இன்னும் உள்ளே வைக்க வேண்டும் என்று பொலிஸார் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும். ஒரு மாணவனின் இடைநிறுத்தத்துக்கு அந்தளவு மரியாதைகூட இல்லை. கடிதம் போனால் போனதுதான்.

"விளையாட்டுத்தானே, படிப்பை நிறுத்தவில்லையே" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் பாடசாலைப் பருவம் முடிந்தால் முடிந்தது. பிக் மெட்ச் என்கிற பாடசாலைகளுக்கிடையிலான பெரும் கிரிக்கெட் போட்டி வருடத்துக்கு ஒருதரம். ரோயல்-தோமியன் 1879இலிருந்து நடக்கிறது, ஆனால் ஒரு பொடியனுக்கு அதில் கிடைப்பது இரண்டோ மூன்றோ தடவைதான். அதைப் பார்த்துத்தான் கழகங்கள் ஆள் எடுக்கின்றன. இராணுவம், கடற்படை, பொலிஸ், வங்கிகள் வீரர்களுக்கு வேலை கொடுக்கின்றன. பல்கலைக்கழக அனுமதியில்கூட விளையாட்டில் சிறந்தவர்களுக்கு விசேட வழி இருக்கிறது. தாபன விதிக்கோவையின் கீழ் பணி இடைநிறுத்தம் செய்யப்படுகிற அரச ஊழியருக்குச் சில வேளைகளில் பாதிச் சம்பளமாவது கிடைக்கும், சுற்றவாளி என்று வந்தால் நிலுவையும் கேட்கலாம். மாணவ வீரனுக்கு நிலுவை கிடையாது. போன மார்ச் மெட்ச் போனதுதான்.

இவ்வளவும் சொன்னதால் நான் வீரர் பக்கம் என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கே, அந்த மணித்தியாலத்திலேயே நிறுத்த வேண்டிய வழக்குகள் உண்டு. பகிடிவதை (ராகிங்) அப்படி ஒன்று. 1997இல் பேராதனையில் பொறியியல் மாணவன் வரப்பிரகாஷ் இறந்த பிறகுதான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம், குற்றம் நிரூபிக்கப்பட்டால் மாணவரைப் பல்கலைக்கழகத்திலிருந்தே நீக்க உத்தரவிடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் நிரூபிக்க சாட்சி வேண்டுமே. முதலாம் வருடப் பையன் ஒரு அணித் தலைவருக்கு எதிராக முறையிட்டுவிட்டு, அதே விடுதியில் அதே சிற்றுண்டிச்சாலையில் அவரோடு இருக்க வேண்டியிருந்தால், இரண்டாவது வாக்குமூலம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே வகுப்புத்தடை போடுவது சாட்சியைக் காப்பாற்றுவதற்கு. பாலியல் குற்றச்சாட்டில் முறைப்பாட்டுக்காரி அதே பீடம் என்றாலும் இதே கதைதான். பாதிக்கப்பட்டவர் ஒதுங்கிப் போக, குற்றம் சாட்டப்பட்டவருக்கு மைதானத்தில் பெண்ட் வாசித்து மாலை போடுவதுதான் நடுநிலையா? புளோரிடாவில் படிப்பை விட்டுப் போனது யார் என்று மேலே சொன்னேன்.

யார் முடிவெடுப்பது என்பதிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. பயிற்றுநர் இருக்கக்கூடாது. டெக்சாஸின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் பாலியல் முறைப்பாடுகளை அமெரிக்கக் கால்பந்துப் பயிற்றுநர்கள் தங்களுக்குள்ளேயே வைத்துக் கையாண்டார்கள் என்று வெளியார் விசாரணை சொன்னது. 2016இல் தலைமைப் பயிற்றுநர் ஆர்ட் பிரையில்ஸ் வேலை இழந்தார், பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டாரும் பதவியை இழந்தார். பயிற்றுநரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை மெட்ச் இருக்கிறவரிடம் திங்கட்கிழமை கேட்கக்கூடாத கேள்வி இது. பழைய மாணவர் சங்கத்துக்கும் அதே பதில். பாடசாலை என்றால் விளையாட்டோடு சம்பந்தமில்லாத இரண்டு ஆசிரியர்களும் வெளியே இருந்து ஒருவரும் போதும். பல்கலைக்கழகம் என்றால் ஒழுக்காற்றுக் குழு இருக்கிறது, அதைக் கூட்ட வேண்டும். மாணவரையும் பெற்றோரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஆனால் சம்பவத்தைப் பற்றி அவரைத் துருவக்கூடாது, அங்கே சொல்கிற வார்த்தை நாளைக்கு வழக்கில் அவருக்கு எதிராக வரலாம். ஆபத்தை மட்டும் கேட்டால் போதும். இதைச் சொன்னால் கோபப்படுகிற அதிபர்களை எனக்குத் தெரியும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பாடசாலை வாய்மொழியாக "இந்த டேர்முக்கு வர வேண்டாம்" என்றால் ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். அதில் காரணம், எதற்கெல்லாம் தடை, எந்தத் திகதியில் மறுபடி பார்ப்பார்கள் என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்புக்கும் பரீட்சைக்கும் தடை என்றால் அதை விளையாட்டுத் தடையோடு சேர்த்து விழுங்காதீர்கள், அது தனிச் சண்டை. உங்கள் பிள்ளைதான் முறைப்பாடு செய்தவர் என்றால், அவரைப் பாதுகாக்க என்ன ஏற்பாடு என்று அதே போல எழுத்தில் கேளுங்கள். விடுதி மாற வேண்டியவர் உங்கள் பிள்ளையாக இருக்கக்கூடாது.

பதில் சரியில்லை என்றால், அரச பல்கலைக்கழகத்தின் முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட் மனுவால் கேள்விக்குட்படுத்தலாம். அரச நிறுவனம் பாரபட்சமாகவோ எதேச்சையாகவோ நடந்தது என்றால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. தனியார் கழகம் என்றால் இந்த வழிகள் பொதுவாகத் திறக்காது, மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்க வேண்டி வரும். அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்புக் கொடுக்கிற காலம் ஒரு மாதம்தான். பிக் மெட்ச் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் அதுவும் போய்விடும்.